ஆக்கமும் காப்பும்

நெசவைத் தொழிலாகக் கொள்ளும் குடும்பத்தார் முதன்முதலில் தேடும் பொருள் தறி ஆகும். நெய்யப்படும் துணியின் அகலமும் நேர்த்தியும் தறியைப் பொறுத்தே அமையும். பாவு ஏற்றிய பின்னர் தறியை மாற்ற எண்ணுவோர் பட்ட பாடு முழுவதும் வீணாகும். மென்பொருள் ஆக்கும் தொழிலைப் புதிதாகத் தொடங்குவோர்க்கும் இத்தகைய பொருள் ஒன்று உண்டு. அது, பலரும் கூடிப் பணியாற்றுதற்குரிய பொதுக் கணிப்பொறியாகும். அதனைச் சேவையகம் என்று நூல்களும், சர்வர் என்று மக்களும் வழங்குவர்.

மூவர் கூடிப் புத்தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்குகின்றனர் என்று கொள்க. மூவரும் தத்தம் கணிப்பொறியில் நிரல் எழுதுகின்றனர். ஒருவர் காலையில் திருத்திய பகுதியை, அஃது அறியாத மற்றொருவர் மாலையில் தம் பழைய படியைக் கொண்டு அழித்துவிடுகிறார். மூன்றாமவருடைய கணிப்பொறியில் பிழையின்றி இயங்கிய நிரல் ஏனைய இருவர் கணிப்பொறியிலும் இயங்க மறுக்கிறது. யாருடைய படி உண்மைப்படி என்பதே வழக்காகிவிடுகிறது. இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே ஆக்கப் பணிக்கென ஒரு சேவையகம் வேண்டப்படுகிறது. நிரலின் உண்மைப்படி அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு திருத்தமும் அங்கேதான் பதியப்படும். புதிய நிரல் மக்கள் கைக்குச் செல்லுமுன் அங்கேதான் ஓட்டிப் பார்க்கப்படும்.

இப்பொறி விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டுவதில்லை. எழுத்து மேசைக்கு அடியில் கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்றே மூவர் பணிக்குப் போதும். அன்றித் திங்கள் வாடகைக்கு ஒரு சேவையகத்தை அமர்த்திக் கொள்ளுதலும் இந்நாளில் எளிது. பொறியைப் பின்னர் மாற்றிவிடலாம். அதில் ஏற்றும் மென்பொருளோ நிறுவனம் வளர வளர வேரோடி நிற்பது. ஆதலின் ஆராய்ந்து தேர வேண்டியது மென்பொருளையே ஆகும்.

அவற்றுள் அடித்தளமாக அமைவது இயங்குதளம். இவ்வகையில் இன்று பெரும்பாலோர் நாடுவது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தம் சொந்த விருப்பத்தால் எழுதத் தொடங்கிய இயங்குதளக் கருவே பின்னர் உலகெங்கும் பரவியது. அதன் மூல நிரலை யாவரும் காணலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். அக்கருவைச் சுற்றி வேண்டிய கருவிகளைத் தொகுத்து வழங்கும் தொகுப்புகள் பல உள்ளன. 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன், அதனின்று 2004-இல் கிளைத்த உபுண்டு ஆகியன அவற்றுட் சில.

தொகுப்பைத் தேர்வோர் அதன் அழகையோ புதுமையையோ நோக்குவதைக் காட்டிலும், அது எத்துணை ஆண்டுகள் பேணப்படும் என்பதை நோக்குதல் வேண்டும். பாதுகாப்புக் குறைகள் நாள்தோறும் கண்டறியப்படுகின்றன. அவற்றுக்குரிய திருத்தம் வருவது நின்ற நாளிலிருந்து அச்சேவையகம் கதவு திறந்து கிடக்கும் வீட்டை ஒக்கும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு ஒவ்வொன்றும் 5 ஆண்டுகள் பேணப்படுவது இக்கருத்துப் பற்றியே. எனினும் வாக்குறுதியும் சில வேளைகளில் மாறும். சென்ட்ஓஎஸ் என்னும் தொகுப்பின் 8-ஆம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என்று கூறப்பட்டிருந்தது. 2020 டிசம்பரிலோ, அது 2021-ஆம் ஆண்டு இறுதியுடன் நிறுத்தப்படும் என்னும் அறிவிப்பு வெளிவந்தது. அதனை நம்பிச் சேவையகங்களை அமைத்திருந்தோர் ஓராண்டுக்குள் இடம்பெயர வேண்டியவராயினர். நற்பேறாக மூல நிரல் திறந்து கிடந்தமையால், 2021-இலேயே ஆல்மாலினக்ஸ், ராக்கிலினக்ஸ் என்னும் இரண்டு தொகுப்புகள் அவ்விடத்தை நிரப்ப எழுந்தன.

இனி, சேவையகத்தின் உயிர்நிலை எனத்தக்க மென்பொருள் ஒன்று உண்டு. நிரலில் யார், எந்நாளில், எவ்வரியை, எக்காரணம் பற்றி மாற்றினார் என்பதனைப் பதிந்து வைக்கும் பதிவேடு அது. இதனைப் பதிப்பு மேலாண்மை மென்பொருள் என்பர். பிழை ஒன்று தோன்றின், அஃது எந்தத் திருத்தத்தால் நுழைந்தது என்று பின்னோக்கிச் சென்று காணலாம். பிழையற்றிருந்த நிலைக்கு நிரலைத் திருப்பலாம். ஒரே கோப்பினை இருவர் திருத்தினும் இருவர் உழைப்பையும் ஒன்றாக இணைக்கலாம். இத்தகைய ஏட்டைத் தேர்வதில் எத்துணைப் பெரிய குழுவும் இடறக்கூடும் என்பதற்கு லினக்ஸின் வரலாறே சான்று.

லினக்ஸ் தோன்றிய நாள்தொட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாக டோர்வால்ட்ஸ் எந்தப் பதிவேட்டு மென்பொருளையும் கையாளவில்லை. பல நாட்டினர் மின்னஞ்சலில் விடுத்த திருத்தங்களை அவரே படித்து, ஏற்பனவற்றைத் தம் கையால் சேர்த்து வந்தார். தொடக்கத்தில் இது பொருந்தியது. திருத்தங்கள் பெருகியபோது பல அவர் கண்ணிற்படாமலே ஒழிந்தன. விடுத்தவர் மீண்டும் மீண்டும் விடுக்க நேர்ந்தது. 1998-இல் இதுபற்றிக் குழுவினரிடையே மனக்கசப்பும் எழுந்தது. ஒருவர் தோளில் அத்துணைப் பெருஞ்சுமை தங்காது என்பதை யாவரும் உணர்ந்தனர்.

அந்நாளில் வழங்கிய சிவிஎஸ் முதலிய பதிவேட்டு மென்பொருள்கள் டோர்வால்ட்ஸுக்கு உவப்பளிக்கவில்லை. அவை யாவும் ஒரே சேவையகத்தில் முழு வரலாற்றையும் வைத்து, ஏனையோர் அனைவரும் அதனையே நாடி நிற்குமாறு செய்வன. லாரி மெக்வாய் என்பவர் நடத்திய நிறுவனம் ஆக்கிய பிட்கீப்பர் என்னும் மென்பொருள் இதற்கு மாறானது. அதில் பணியாற்றுவோர் ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் முழு வரலாறும் இருக்கும். வேண்டும்போது ஒருவர் மற்றொருவருடன் பரிமாறிக் கொள்ளலாம். 2002-ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் அதனை ஏற்றார். லினக்ஸின் வளர்ச்சி விரைவு பெற்றது.

ஆனால் பிட்கீப்பர் திறந்த நிரல் அன்று. லினக்ஸ் குழுவினர்க்கு அது விலையின்றி வழங்கப்பட்டது; எனினும் உரிமத்தில் கட்டுப்பாடுகள் இருந்தன. பிட்கீப்பருக்குப் போட்டியான மென்பொருளை ஆக்குவோர் அதனை விலையின்றிப் பயன்படுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. விலையின்மை வேறு, விடுதலை வேறு என்பதை வலியுறுத்தி வந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோர் இதனைக் கண்டித்தனர். டோர்வால்ட்ஸ் அக்கண்டனத்தைப் பொருட்படுத்தவில்லை. நன்றாக வேலை செய்யும் கருவி கையில் இருக்கையில், கொள்கைக்காக அதனை விலக்குவானேன் என்பது அவர் நிலை. அந்நிலையில் நியாயமே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. அன்று அதற்கு ஒப்பான திறந்த மென்பொருள் வேறொன்று இருக்கவில்லை.

மூன்றாண்டுகள் கழிந்தன. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜல், பிட்கீப்பர் சேவையகத்துடன் பேசி அதிலுள்ள நிரலின் வரலாற்றைப் பெறும் சிறு கருவி ஒன்றை ஆக்க முயன்றார். அதன் உட்பொருளைத் திருட்டுத்தனமாக அவர் ஆராய்ந்தார் என்று பலர் கருதினர். 2005 ஏப்ரலில் கான்பெரா நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் அவர் செய்து காட்டியது வேறு. டெல்நெட் என்னும் எளிய கருவியைக் கொண்டு அவர் அச்சேவையகத்துடன் இணைந்தார். 'உதவி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். சேவையகம் தான் அறிந்த கட்டளைகளையெல்லாம் தானே வரிசையாக எடுத்துரைத்தது. அவையோர் நகைத்தனர். நகைப்பு எழுந்தபோதே தீங்கு நேர்ந்துவிட்டிருந்தது. உரிமம் மீறப்பட்டது என்று கருதிய அந்நிறுவனம் விலையில்லாப் பதிப்பை அதற்கு முன்பே நிறுத்திவிட்டது.

இருதிறத்தாரிடமும் ஒருவாறு நியாயம் உண்டு. தன் பொருளை எவர்க்கு, எந்நிபந்தனையில் வழங்குவது என்பதை முடிவு செய்யும் உரிமை ஆக்கியோர்க்கு உண்டு. தாம் எழுதிய திருத்தங்களின் வரலாற்றைத் தாமே எடுத்துக் கொள்ளும் உரிமை நிரல் எழுதுவோர்க்கும் உண்டு. ஆயின் இடையில் அகப்பட்டது லினக்ஸ். ஆயிரக்கணக்கானோர் உழைப்பைத் தாங்கிய பதிவேடு, பிறர் ஒருவர் மனமாற்றத்தால் ஒரு திங்களில் கையைவிட்டு நழுவியது.

டோர்வால்ட்ஸ் வேறு மென்பொருள்களை ஆராய்ந்து பார்த்தார். ஒரு திருத்தத்தைச் சேர்க்க 3 நொடிக்கு மேல் ஆகலாகாது என்பது அவர் அளவுகோல். திருத்தங்கள் நூற்றுக்கணக்கில் ஒருங்கே வருமாதலின், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் ஆகுமாயின் அவர் நாளெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். மோனோடோன் என்னும் திறந்த மென்பொருளின் அமைப்பு அவர் கருத்தைக் கவர்ந்தது; ஆனால் அது மிக மெதுவாக இயங்கியது. ஆகவே லினக்ஸ் பணியைச் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு, 2005 ஏப்ரல் 3-ஆம் நாள் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதற்குக் 'கிட்' என்று பெயர். ஏப்ரல் 6-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். ஏப்ரல் 7-இல் கிட்டின் நிரல் கிட்டிலேயே பதியப்பட்டது. ஜூன் 16-இல் லினக்ஸின் 2.6.12 என்னும் பதிப்பு அதன் துணைகொண்டே வெளிவந்தது. ஜூலை இறுதியில் அதனைப் பேணும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு டோர்வால்ட்ஸ் தம் பழைய பணிக்குத் திரும்பினார். பிட்கீப்பர் கையைவிட்டுப் போனதால் விழித்தெழுந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். மாட் மெக்கால் என்பார் அதே ஏப்ரலில் மெர்க்குரியல் என்னும் மற்றொரு மென்பொருளை வெளியிட்டார்.

கிட் இயங்கும் முறை சுருங்க அறியத்தக்கது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தினின்றும் கணக்கிட்டு 40 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறியை அது உண்டாக்குகிறது. மனிதர்க்குக் கைரேகை போன்றது அக்குறி. உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினும் குறி முற்றிலும் மாறிவிடும். ஒரு திருத்தம் பதியப்படும்போது, அதற்கு முந்திய திருத்தத்தின் குறியும் அதனுள் சேர்த்துக் கணக்கிடப்படும். ஆதலின் பழைய திருத்தம் ஒன்றை எவரேனும் மறைவாக மாற்றினால், அதற்குப் பின் வந்த அனைத்தின் குறிகளும் மாறி, வஞ்சனை வெளிப்பட்டுவிடும். கண்ணி ஒன்றைத் தொட்டால் சங்கிலி முழுதும் அசைவது போன்றது இது. குறியைக் கணக்கிடும் பழைய முறையில் குறை ஒன்று உண்டென்பதனை 2017-இல் ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். அதனைவிட வலிய முறையும் பின்னர்க் கிட்டில் சேர்க்கப்பட்டது.

மூவர் கொண்ட நிறுவனத்துக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. மூவரிடமும் முழு வரலாறு உள்ளமையால் சேவையகம் எரிந்து போயினும் நிரல் அழியாது. எவரிடமுள்ள படியினின்றும் அதனை மீட்கலாம். அன்றியும், தொடக்கத்தில் வேறு எதனையும் சேர்க்க வேண்டுவதில்லை. லினக்ஸ் ஏற்றிய பொறியில் கிட்டும், தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்னும் கருவியும் இருந்தாற் போதும். பொதுப் பதிவேடு ஆயத்தமாகிவிடும். முதல் நாளிலேயே பத்துக் கருவிகளை ஏற்றிவிட்டு, அவற்றைப் பேணுவதிலேயே பொழுதைக் கழிக்கும் இளைஞர் உண்டு. அவர்கள் விற்க வேண்டிய பொருள் எழுதப்படாமலே கிடக்கும்.

பணியாளர் பெருகுங்கால் தேவைகளும் பெருகும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து ஒப்புதல் தருவதற்கும், பிழைகளைப் பட்டியலிட்டு இன்னார் தீர்க்க வேண்டும் என்று குறிப்பதற்கும், நிரல் வந்து சேர்ந்தவுடன் தானே சோதித்துப் பார்ப்பதற்கும் ஏற்ற மென்பொருள் அப்போது வேண்டும். இத்தகையவற்றுள் கிட்லேப் ஒன்று. அதன் தோற்றம் சுவையானது. உக்ரைன் நாட்டில் வாழ்ந்த திமித்ரி சபரோஷெத்ஸ் என்னும் நிரலாளர் 2011-இல் அதனை எழுதத் தொடங்கினார். அந்நாளில் அவர் வீட்டில் குழாய் நீர் வசதி இல்லை. நாள்தோறும் ஊர்ப் பொதுக்கிணற்றுக்குச் சென்று நீர் கொணர்வதைக் காட்டிலும், கூடிப் பணியாற்றுதற்கு நல்ல மென்பொருள் இல்லாமையே அவருக்குப் பெருங்குறையாகப் பட்டதாம். அவர் தம் நிரலைத் திறந்து வைத்தார். நெதர்லாந்து நாட்டினரான சித்சே சைபிராண்டி 2012-இல் அதனைக் கண்டு வியந்து, அதனைக் கொண்டு பிறர்க்குப் பணி வழங்கும் இணையச் சேவையை நிறுவினார். பின்னர் இருவரும் கூடி 2014-இல் அதனை நிறுவனமாக்கினர்.

தரவுத்தளத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வாடிக்கையாளர் பெயர், கணக்கு, விருப்பம் முதலியவற்றை ஒழுங்குறச் சேமிக்கும் மென்பொருள் அது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பது 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சியின் வழி வந்தது; எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுடைமை அன்று. மைஎஸ்கியூஎல் 1995-இல் சுவீடனில் பிறந்தது. அதனை ஆக்கிய நிறுவனத்தைச் சன் நிறுவனம் 2008-இலும், சன்னை ஆரக்கிள் 2010-இலும் வாங்கின. கைமாறுதலை விரும்பாத மைக்கேல் விடேனியஸ் என்னும் அதன் முதல் ஆசிரியர் 2009-இல் அதே நிரலிலிருந்து மரியாடிபி என்பதனைக் கிளைத்தெழச் செய்தார். முன்னதற்கு மூத்த மகள் மையின் பெயரையும், பின்னதற்கு இளைய மகள் மரியாவின் பெயரையும் அவர் இட்டார். இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் சிறு நிறுவனத்துக்குக் குறை நேராது. மக்களுக்குப் பணி வழங்கும் சேவையகத்தில் எது உள்ளதோ, அதுவே, அதே பதிப்பிலேயே ஆக்கச் சேவையகத்திலும் இருத்தல் வேண்டும் என்பதே கருதத்தக்கது. பதிப்பு வேறுபாடு எத்துணைச் சிறிதாயினும் கேடு விளைக்கும் என்பது மேலே வரும் நிகழ்ச்சியால் விளங்கும்.

கிட்டில் பதிந்த நிரல் பலரிடம் பல படியாக வாழும். தரவுத்தளம் அவ்வாறன்று, அஃது ஓரிடத்தில்தான் வாழ்வது. ஆதலின் அதற்குக் காப்புப்படி எடுத்து வைத்தல் இன்றியமையாதது. கிட்லேப் நிறுவனத்தார் இதனை அறியாதவர் அல்லர். ஒன்றல்ல, ஐந்து வகையான காப்பு முறைகளை அவர்கள் வகுத்திருந்தனர். ஆயினும் 2017 ஜனவரி 31-ஆம் நாள் இரவில் அவர்கள் எய்திய இன்னல் உலகறிந்தது.

அன்று மாலை தீயோர் சிலர் வேண்டாச் செய்திகளைக் குவித்தமையால் தரவுத்தளத்தின் சுமை மிகுந்தது. முதன்மைத் தரவுத்தளத்தைப் பார்த்து அப்படியே படியெடுத்து வரும் துணைத் தரவுத்தளம் பின்தங்கி, இறுதியில் நின்றே போயிற்று. அதனைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் நெடுநேரம் முயன்றார். இரவு மிகுந்துவிட்டது. துணைத் தரவுத்தளத்தில் எஞ்சியிருந்த கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாற் சரியாகும் என்று எண்ணி, அழிக்கும் கட்டளையை இட்டார். ஓரிரு நொடிகளில் அவர் உள்ளம் திடுக்கிட்டது. அவர் கட்டளை இட்ட பொறி துணைப்பொறி அன்று, முதன்மைப்பொறியே. விரைந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு மறைந்துவிட்டது, எஞ்சியது 4.5 ஜிகாபைட் மட்டுமே.

உடனே காப்புப்படிகளைத் தேடினர். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த படிகள் சேமிப்பிடத்தில் இல்லவே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 9.6 பதிப்பாக இருக்க, படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக இருந்தது. பதிப்புப் பொருந்தாமையால் அது ஒவ்வொரு நாளும் பிழை கூறி நின்றிருக்கிறது. பிழை நேர்ந்ததும் மின்னஞ்சலால் எச்சரிக்கும் ஏற்பாடும் இருந்தது. அனுப்புநரின் உண்மையை உறுதிசெய்யும் குறிகள் அம்மின்னஞ்சல்களில் இல்லாமையால், பெறும் சேவையகம் அவற்றை ஏற்காது தள்ளிவிட்டது. வட்டு முழுவதையும் படம்பிடித்தாற்போல் படியெடுக்கும் வசதி வேறு சேவையகங்களுக்கு அமைக்கப்பட்டிருந்தது. தரவுத்தளச் சேவையகங்களுக்கு அமைக்கப்படவில்லை. காவலர் ஐவரை நிறுத்தியிருந்தும் காவல் நடக்கவில்லை. காவலரைச் சென்று பார்த்தவர் எவரும் இல்லாமையே காரணம்.

அந்நிலையில் அவர்களைக் காத்தது ஆக்கப் பணிக்குரிய சோதனைச் சேவையகம். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன், அதே பொறியாளர் வேறொரு சோதனையின் பொருட்டு முதன்மைத் தரவுத்தளத்தின் படி ஒன்றைக் கையால் எடுத்துச் சோதனைச் சேவையகத்தில் வைத்திருந்தார். காப்பெனக் கருதி எடுக்கப்பட்டது அன்று அது, தற்செயலாய் எடுக்கப்பட்டது. அதுவே மீட்சிக்கு வழியாயிற்று. சோதனைக்குரிய பொறியாதலின் அதன் வட்டுகள் விரைவற்றவை. தரவு முழுவதையும் அங்கிருந்து பெயர்த்து மீண்டும் பணி தொடங்க அடுத்த நாள் மாலையாயிற்று. படி எடுத்த நேரத்துக்கும் அழிவு நேர்ந்த நேரத்துக்கும் இடையே பதியப்பட்டவை மீளவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டங்களின் விவரங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் அவ்வாறு அழிந்தவை. நிரல்கள் தரவுத்தளத்தில் அன்றித் தனியே கிட் பதிவேடுகளில் இருந்தமையால் அவற்றுக்கு ஊறு நேரவில்லை.

நிறுவனத்தார் இதனை மறைக்கவில்லை. மீட்புப் பணி நடக்கும்போதே தம் குறிப்புகளை யாவரும் படிக்குமாறு வெளியிட்டனர். பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினர். கட்டளையிட்ட பொறியாளரின் பெயரைக் கூறாது, அவரைப் பலியாக்காது, ஒருவர் கைப்பிழையால் அனைத்தும் அழியுமாறு அமைந்திருந்த ஏற்பாட்டையே குற்றமெனக் கொண்டனர். அவர்கள் பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. முதன்மைப்பொறி எது, துணைப்பொறி எது என்பது திரையிலேயே தெளிவாகத் தெரியுமாறு செய்தல், காப்புப் பணி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறித்தல் முதலியன அவர்கள் மேற்கொள்ள முனைந்த திருத்தங்கள். அவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. எடுத்த படியினின்றும் தரவுத்தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்க்கும் சோதனை, மனிதர் நினைவை எதிர்பாராமல், தானே நடைபெறுமாறு அமைத்தலே அது.

மூவர் கொண்ட நிறுவனத்தாரும் இதனை எளிதிற் செய்து கொள்ளலாம். நாள்தோறும் நள்ளிரவில் படியெடுக்கும் கட்டளையைச் சேவையகத்தின் காலப்பட்டியலில் எழுதி வைத்தால், அது தானே நடைபெறும். அப்படிகளுள் ஒன்றாவது வேறொரு கட்டடத்தில் உள்ள பொறிக்குச் செல்லுதல் வேண்டும். தீயோ திருட்டோ நேரின் ஒரே அறையிலுள்ள இரண்டு படிகளும் ஒருங்கே போகும். திங்கள்தோறும் ஒருநாள், வெறுமையான பொறி ஒன்றில் அப்படியை ஏற்றி, மூவருள் ஒருவர் தம் பெயரையே தேடிப் பார்க்கலாம். பெயரும் விவரங்களும் பிழையின்றி வந்தால் அத்திங்களின் காப்பு மெய்யானது. பார்த்த நாளையும், மீட்க எத்துணை நிமிடம் ஆயிற்று என்பதனையும், பார்த்தவர் பெயரையும் குறித்து வைக்க ஒரு சிறு கோப்புப் போதும். அக்கோப்பும் கிட்டில் பதியப்படலாம்.

பிட்கீப்பரின் கதையும் ஒருவாறு முடிவுற்றது. 2016 மே திங்களில் அதன் மூல நிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. லினக்ஸ் குழுவினர் கிட்டுக்கு மாறி அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.